அன்பியக் கூட்டத்தில் ஆறாம் படியை விடாதீர்கள்

கொடியேற்றம், நவநாள், தேர்பவனி என்றால் நம் கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகங்களில்) ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அதே பங்கில் அன்பியக் கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி விவிலியம் வாசித்துப் பகிரும் கூட்டம் என்றால் முப்பது குடும்பங்களில் இருந்து எட்டுப் பேர் வருவதே பெரிது. திருவிழா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பங்கின் உயிர்த்துடிப்பை நான் அன்பியத்தில்தான் தேடுவேன்.

1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள் (பிஷப்புகள்), பங்கு என்பது சிறு சமூகங்களின் ஒன்றிப்பாக வேண்டும் என்றார்கள். நம்மூர் அன்பியங்கள் பயன்படுத்தும் ஏழு படி நற்செய்திப் பகிர்வு, தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் பிறந்தது. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதைத் தொட்ட சொற்களை மும்முறை சொல்வது, மௌனம், பகிர்வு, செயல்திட்டம், மன்றாட்டு. இவ்வளவுதான்.

பெரும்பாலும் பகிர்வு என்ற ஐந்தாம் படியிலேயே வண்டி நின்றுவிடுகிறது. விவிலியம் தெரிந்த ஒருவர் பிரசங்கம் தொடங்கிவிடுவார், மற்றவர்கள் கேட்பவர்களாகிவிடுவார்கள். 'நாம் எல்லாரும் இப்படி இருக்க வேண்டும்' என்று பேசாமல் 'எனக்கு இந்த வசனம் இப்படிப் பட்டது' என்று பேசவேண்டும், ஆளுக்கு இரண்டு நிமிடம். ஒருங்கிணைப்பாளர் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. நான்காம் படியில் மௌனம் சங்கடமாக இருக்கிறதென்று பாட்டை எடுத்துவிடுபவர்களும் உண்டு. மூன்று நிமிடமாவது பொறுங்கள்.

நேரம் போய்விட்டதென்று செயல்திட்டம் என்ற ஆறாம் படியை விட்டுவிடுகிறோம். அந்த இடத்தில் பங்கு அறிவிப்பும் கோயில் வரி வசூலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பிறகு அன்பியத்துக்கும் வசூல் முகாமுக்கும் என்ன வித்தியாசம்? நற்செய்திப் பணி நம் தெருவுக்குள் இறங்குவது இந்தப் படியில்தான். போன கூட்டத்தில் எடுத்த வேலை முடிந்ததா என்று முதலில் கேளுங்கள். பிறகு ஒரே ஒரு வேலை: என்ன, யார், எந்தத் தேதிக்குள் என்று நோட்டில் எழுதுங்கள். பூசைக்கு வரமுடியாத முதியவருக்கு நற்கருணை கொண்டுபோக ஃபாதரிடம் சொல்வது, கணவனை இழந்தவரின் உதவித்தொகை மனுவோடு தாலுகா அலுவலகத்துக்குத் துணைக்குப் போவது, பள்ளியை விட்ட பிள்ளையின் வீட்டில் பேசுவது. பக்கத்து இந்து வீட்டிலோ முஸ்லிம் வீட்டிலோ துக்கம் என்றால் நாற்காலியும் தண்ணீரும் நம் பொறுப்பு. 'எல்லாருக்காகவும் செபிப்போம்' என்று முடிப்பது ஆறாம் படி ஆகாது. அது ஏழாம் படி.

அன்பியத்தைத் தெரு வாரியாகப் பிரியுங்கள், இருபது முதல் முப்பது குடும்பம் போதும். உறவுக்காரர்களை ஒன்றாகப் போட்டால் கூட்டம் கூடும், ஆனால் சாதியும் கூடவே வந்து அமரும். கல்லறையில்கூடப் பிரிவினை பார்த்த திருச்சபை நாம் என்பதை மறக்கக் கூடாது.

தேநீர் விஷயமும் சிறியதல்ல. ஒரு வீட்டில் வடை, அடுத்த வீட்டில் கேக் என்று போட்டி வந்தால், இல்லாத வீடு கூட்டத்தைத் தன் வீட்டில் வைக்கத் தயங்கும். பிறகு வராமலே போகும். எல்லா வீட்டுக்கும் வெறும் தேநீர் மட்டும் என்று பங்கே முடிவெடுத்து அறிவிக்கட்டும்.

அன்பியப் பிரதிநிதி அந்த நோட்டோடுதான் பங்குப் பேரவைக்குப் போகவேண்டும். திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் (சட்ட எண் 537). பங்குப் பேரவையோ, சட்டம் சொல்லும் பெயரில் மேய்ப்புப்பணிப் பேரவை, ஆயர் விரும்பினால்தான், அதுவும் ஆலோசனை சொல்ல மட்டுமே (சட்ட எண் 536). பணத்துக்குக் கட்டாயம், மக்கள் குரலுக்கு விருப்பம் என்ற இந்த நிலை மாறவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2024 அக்டோபரில் முடிந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணமும் இப்பேரவைகளைக் கட்டாயமாக்கக் கேட்டிருக்கிறது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பேரவைக் கூட்டத்தில் திருவிழா வரவுசெலவுக்கு முன்னால் அன்பிய அறிக்கைகளை வையுங்கள். கடைசியில் வைத்தால் அவற்றுக்கு நேரமே கிடைக்காது.

ஆண்கள் வருவதில்லை என்ற புகாருக்கு முதலில் நேரத்தைப் பாருங்கள். வேலை முடிந்து வருபவரை மாலை ஐந்தரைக்குக் கூப்பிட்டால் எப்படி வருவார்? ஞாயிறு இரவு ஏழு மணிக்கு வைத்து, சரியாக எட்டுக்கு முடியுங்கள். ஆறாம் படி வேலையில் ஒன்றை அவர்கள் பெயரிலேயே எழுதுங்கள்.