ஏர் பேக் போட்டால் கெப்பின் தாங்குதிறன் கூடாது

"ஹைலக்ஸ் கெப்புக்கு ஏர் பேக் போட்டால் ஒன்றரைத் தொன் கேம்பரையும் (பின்தட்டில் ஏற்றும் தங்கும் கூடு) ஏற்றலாம்" என்று தம்பி ஒருவர் எழுதியிருப்பது தவறு, ஆபத்தும்கூட. ஏர் பேக் என்பது பின் ஸ்பிரிங்கோடு பூட்டும் காற்றுப் பை; அது தாழ்ந்த பின்பக்கத்தை நிமிர்த்தும், அவ்வளவுதான். அக்சில், பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழையதுதானே? கம்பனி குறித்த மொத்த எடை வரம்பு மாறாது.

அதைவிட முக்கியம் சேசி, அதாவது வண்டியின் அடிச்சட்டம். ஸ்பிரிங் பாரத்தை அதன் இரு முனைகளிலும் சேசிக்குக் கொடுக்கிறது. ஏர் பேக் நடுவில் ஒரே இடத்தில் தள்ளுகிறது. கேம்பர் பின் அக்சிலைத் தாண்டி நீண்டிருந்தால், பாணமையிலிருந்து உகந்தைக்குப் போகும் கிறவல் ரோட்டுக் குலுக்கலில் கெபினுக்குப் பின்னால் சேசி வளைந்துவிடலாம்.

இந்த வகைக் கெப்புகள் பெரும்பாலும் 1 தொன் அளவுதான் ஏற்றும். ஆட்கள், புல் பார் (முன்பக்க இரும்புக் காப்பு), 2ஆவது பற்றரி எல்லாம் அதற்குள்தான். 100 லீற்றர் தண்ணீரே 100 கிலோ! தாங்கியைப் பின் அக்சிலுக்கு முன்னால், தாழ்வாக வையுங்கள். அப்புறம், முழுச் சாமானோடும் ஆட்களோடும் ஏதாவது நெல் ஆலைத் தராசில் முன், பின் அக்சில்களைத் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். ஒன்றரைத் தொன் கேம்பர்தான் வேண்டுமென்றால் லொறிச் சேசி எடுங்கள், தம்பி.