மார்ஜரி சைக்ஸும் உண்ணிச்செடியும்

சனி, ஞாயிறு வந்தால் கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் காட்டில் களை எடுக்கத் தன்னார்வலர்களை ஏற்றிக்கொண்டு நீலகிரிக்கு வேன்கள் வருகின்றன. ஒரு பேனர், ஆளுக்கொரு ஜோடி கையுறை, சாயங்காலத்துக்குள் நூறு படம். குறை சொல்ல மனசு வரவில்லை, நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் தொண்டுக்கு வருபவர்களுக்கு முதலில் பயிற்சி வேண்டும் என்று இதே கோத்தகிரியில் உட்கார்ந்து பயிற்சி கொடுத்த ஒருவர் இருந்தார். மார்ஜரி சைக்ஸ். அந்தப் பெயர் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

1905இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, 1928இல் சென்னை வேப்பேரி பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தவர். தமிழ் கற்றார். சாந்திநிகேதனுக்குப் போய் வங்காளம் கற்று, தாகூரின் நாடகங்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்விக்கு (கைத்தொழில் வழியாகக் கற்பிக்கும் முறை) ஆசிரியர்களைத் தயார் செய்தார். காந்தியின் சீடர் வினோபா பாவே 1957இல் தொடங்கிய சாந்தி சேனை என்ற அமைதிப் படையின் தொண்டர்களுக்கு அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் கோத்தகிரியில் பயிற்சி அளித்தார். 1964இல் நாகாலாந்தில் போர்நிறுத்தம் வந்ததும் அமைதிப் பார்வையாளர் குழுவில் சேர்ந்து 1967 வரை அங்கே வேலை செய்தார். பிறகு மத்தியப் பிரதேசத்தின் ரசூலியாவில் இருந்தார். 1995இல் இங்கிலாந்தில் காலமானார்.

ஊர் ஊராகப் போனவர்தான். ஆனால் போன இடத்தில் வருஷக்கணக்கில் இருந்தார். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அவரை நினைவுகூர மாலையும் வேண்டாம், மரம் நடும் விழாவும் வேண்டாம் (இந்த மலையில் மரத்தை நட்டே புல்வெளியைத் தொலைத்தோம், கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் சீகை என்கிற வாட்டிலும் சாட்சி). களை எடுக்க வருபவர்களுக்கு ஒழுங்காகப் பழக்கிவிட்டு வேலையைத் தொடங்கினால் போதும்.

பழக்காமல் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, காட்டை மூடிப் பரவும் களைப்புதரான உண்ணிச்செடியே (லண்டானா) உதாரணம். புதிதாக வருபவர் அரிவாளால் தரைமட்டத்துக்கு மேலே வெட்டுவார். பார்க்க இடம் சுத்தமாக இருக்கும். அடுத்த மழைக்கு அந்த ஒரு கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும், புதர் முன்பைவிட அடர்த்தியாகும். காரணம், தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில்தான் துளிர்க்கும் மொட்டுகள் இருக்கின்றன. அந்தக் கழுத்தோடு சேர்த்து எடுக்க வேண்டும். முதலில் தண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கி அடியைப் பாருங்கள். சருகை விலக்கி, களைக்கொத்தால் மண்ணைக் கொஞ்சம் தள்ளுங்கள். தண்டு தடித்து முண்டும் முடிச்சுமாக இருக்கும் இடம் தெரியும். அதற்குக் கீழே, மண்ணுக்குள் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில், வழவழவென்று ஒற்றையாக இறங்கும் ஆணிவேரில்தான் வெட்டு விழ வேண்டும். வெட்டியதும் புதரை அப்படியே தூக்கி, வேர் வானம் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். வேர் மண்ணைத் தொட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இழுத்துப் போட்டு மண்ணை உழுதுவிடவும் கூடாது. கிளறிய மண்ணில் புதைந்து கிடக்கும் விதையெல்லாம் முளைக்கும். தீ வைப்பது அதைவிட மோசம்.

மேல்மலையில் அவலாஞ்சி, குந்தா பக்கம் பரவியிருக்கும் ஸ்காட்ச் ப்ரூம் என்ற வெளிநாட்டுக் களைப்புதர் வேறு மாதிரி. மஞ்சள் பூவாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். காய் கறுத்துவிட்டால் வெயிலில் படபடவென்று வெடித்து விதை தெறிக்கும். அந்தச் சமயத்தில் செடியை இழுத்துக்கொண்டு நடந்தால் விதைப்பு வேலையை நாமே செய்கிறோம். பூட்ஸ் அடியில் ஒட்டிய மண்ணோடும் போகும், கிளம்பும் முன் தட்டிவிடுங்கள். விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும்.

ஏற்பாட்டாளர்களுக்கு: வனப்பகுதி என்றால் மாவட்ட வன அலுவலர் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். ஒரு வழிகாட்டிக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம், ஏழாவது ஆள் எங்கே வெட்டுகிறார் என்று யாருக்கும் தெரியாது. வழிகாட்டியாக அந்தக் காட்டை அறிந்த இருளரையோ குறும்பரையோ கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். காட்டுமாடு புதருக்குள் படுத்திருப்பதை நம்மைவிட முன்னால் பார்ப்பது அவர்கள்தான். வந்தவுடன் ஆளுக்கொரு புதர் கொடுத்து, வெட்டிய வேரை எடுத்துவந்து காட்டச் சொல்லுங்கள். கழுத்து முழுசாக வந்திருந்தால் மட்டும் அடுத்த புதர். அரை நாள் இதிலேயே போகும், போகட்டும்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். பறவைகள் உட்காரும் மரங்களின் அடியில் எச்சத்தோடு விழுந்த உண்ணி விதை முளைத்துக்கொண்டே இருக்கும். கன்றாக இருக்கும்போது மழைக்குப் பிறகு இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். இரண்டு மூன்று வருஷம் விடாமல் வந்து பிடுங்க வேண்டும், காலி இடத்தில் நம்மூர்ப் புல்லை நட வேண்டும். படம் எடுக்க ஒன்றும் இருக்காது, ஆளும் வராது. அதனால் பெயர் பதிவு செய்யும்போதே மூன்று தேதி கொடுங்கள்: இந்த வருஷம் ஒன்று, அடுத்த வருஷம் ஒன்று, அதற்கடுத்த வருஷம் ஒன்று. மூன்றுக்கும் சரி என்று சொல்பவர்களுக்கு மட்டும் வேனில் இடம்.