ஏரியைச் சுத்த வேண்டாம், ஏரிக்குப் போயிட்டு வரலாம்

காடும் ஏரியும் சேர்ந்த இயற்கைப் பூங்காவுக்குள்ள கிராவல் சைக்கிள் எடுத்துட்டுப் போற எல்லாருக்கும் ஒரு கட்டத்துல ஒரே ஆசைதான் வரும். மேப்பைத் திறந்தா நடுவுல நீலமா ஏரி, அதைச் சுத்தி மெல்லிசா ஒரு கோடு. உடனே மனசு கேக்காது, முழுசா ஒரு ரவுண்டு வந்துடணும்னு தோணும். எனக்கும் தோணுச்சு, ரெண்டு வருஷம் அதைத்தான் செஞ்சுட்டு இருந்தேன். இப்ப நிறுத்திட்டேன். ஏன்னு கொஞ்சம் நீளமாவே சொல்லணும், பொறுமையா படிங்க.

கிராவல் பைக்னா மோட்டார் வண்டியானு இன்னும் நிறைய பேர் கேக்குறாங்க, அவங்களுக்காக ஒரு வரி. சரளை ரோட்டுக்குனே செஞ்ச, பெடல் மிதிக்கிற சைக்கிள்தான். ரேஸ் சைக்கிள் மாதிரியே வளைஞ்ச ஹேண்டில்பார், ஆனா டயர் 40, 45 மிமீ அகலம், டிஸ்க் பிரேக், ஏத்தத்துல உக்காந்தே மிதிக்கத் தோதா லேசான கியர். இது என்னமோ போன வாரம் கண்டுபிடிச்ச சமாச்சாரம் மாதிரி விக்கிறாங்க, ஆனா கரடுமுரடான பாதையில சைக்கிள் ஓட்டறதுக்குனே இங்கிலாந்துல 1955லயே ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப்னு ஒரு கிளப் ஆரம்பிச்சுட்டாங்க. அவங்ககிட்ட டிஸ்க் பிரேக்கும் கிடையாது, இவ்வளவு அகலமான டயரும் கிடையாது, இருக்குற டூரிங் சைக்கிளை வச்சுட்டு மலையேறினாங்க, முடியாத எடத்துல தோள்ல தூக்கிட்டு நடந்தாங்க.

வண்டியைப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா காட்டு ரோட்டுல பாதிப் பேர் கஷ்டப்படறது இதனாலதான். காத்து. டயர் கல்லு மாதிரி இருந்தாதான் வேகமாப் போகும்னு நெனச்சு 60 பிஎஸ்ஐ (காத்தழுத்தத்தோட அளவு) அடிச்சுட்டு வர்றாங்க. வழவழனு இருக்குற தார் ரோட்டுல சரி, சரளையில அது நேர் எதிரா வேலை செய்யும். டயர் கெட்டியா இருந்தா ஒவ்வொரு சின்னக் கல்லும் வண்டியையும் உங்களையும் சேத்துத் தூக்கிப் போடும், நீங்க மிதிச்ச சக்தி முன்னாடி போகாம மேலயும் கீழயும் குதிக்கறதுலயே கரைஞ்சுடும். காத்து கொறைச்சா டயர் அந்தக் கல்லை உள்வாங்கிட்டு உருண்டு போயிடும். 40 மிமீ டயருக்கு, 70 கிலோ ஆளுக்கு, 30லேருந்து 35 பிஎஸ்ஐ போதும், பின்னாடி மட்டும் ஒண்ணு ரெண்டு அதிகமா வைங்க. ட்யூப்லெஸ்ஸா இருந்தா இன்னும் கொஞ்சம் எறங்கலாம், முள்ளு குத்தினாலும் உள்ள ஊத்தி வச்சிருக்குற சீலண்ட்ங்கிற திரவம் ஓட்டையை அடைச்சுடும், ஆனா அந்த சீலண்ட் சில மாசத்துல காஞ்சுடும், நாலு மாசத்துக்கு ஒரு தடவ திறந்து பாத்துடுங்க. இதைச் செஞ்சாலே கை மரத்துப் போறது, முதுகு வலி எல்லாம் பாதி கொறையும்.

சரி, ரோட்டுக்கு வருவோம். பூங்காவுக்குள்ள ஓடுற அகலமான மண்ணும் சரளையும் கலந்த ரோடு இருக்கே, அது நமக்காகப் போட்டது இல்ல. மரம் ஏத்துற லாரி போகவும், தீப்பிடிச்சா வண்டி உள்ள வரவும் போட்டது. எறங்கி நின்னு ஒரு தடவ பாருங்க, நடுவுல லேசா மேடா இருக்கும், ரெண்டு பக்கமும் சரிஞ்சு வாய்க்கால்ல போய் முடியும், பள்ளமான எடத்துல கீழ குழாய் பதிச்சிருப்பாங்க. மழைத் தண்ணி ரோட்டு மேல நிக்காம ஓடறதுக்காக இவ்வளவு வேலை. டன் கணக்குல பாரம் தாங்குற ரோடு அது, நாமளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, நம்மளால அதுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. அதனாலதான் அடிச்சுச் சொல்றேன், கிராவல் சைக்கிளோட எடம் அதுதான், அங்க நாள் முழுக்க ஓட்டினாலும் யாருக்கும் எதுக்கும் தொந்தரவு இல்ல.

ஏரிக்கரை அப்படி இல்ல. அங்க இருக்குற ஒத்தையடிப் பாதையை யாரும் திட்டம் போட்டுப் போடல, நடந்து நடந்து உண்டானது. பெரும்பாலும் கறுப்பு மண்ணு, எப்பவும் ஈரம், குறுக்கால வேர். நனைஞ்ச மண்ணுல டயர் போனா ஒரு பள்ளக்கோடு விழும், அடுத்த மழைக்கு அந்தக் கோடே வாய்க்கால் ஆயிடும், தண்ணி அது வழியா மண்ணை அரிச்சு நேரா ஏரிக்குள்ள கொண்டு போயிடும். மண்ணு மட்டும் போனாக் கூடப் பரவால்ல, மண்ணோட ஒட்டிக்கிட்டு பாஸ்பரஸும் போகுது. நன்னீர் ஏரியில பாசி பெருகறதுக்கு அதுதான் பெரும்பாலும் தீனி. பாசி செத்து அடியில போய் மக்கறப்ப அங்க இருக்குற ஆக்சிஜனைத் தின்னுடும், ஆழமான ஏரியா இருந்தா அடித்தண்ணியில மீன் இருக்க முடியாமப் போயிடும். ஒரு சைக்கிளால இது நடக்காது, எனக்குத் தெரியும். ஆனா என் ரூட்டை நான் சைக்கிள்காரங்க ரூட் பகிர்ற ஆப்ல போட்டேன், எத்தனை பேர் அதை எறக்கினாங்கனு பாத்தப்ப வயித்தக் கலக்குச்சு.

என்னை நிறுத்த வச்சது மண்ணு இல்ல ஆனா. ஒரு காலையில, பனி இன்னும் தண்ணி மேலருந்து எழும்பாத நேரம், நாணலை ஒட்டி வர்ற வளைவுல கொஞ்சம் வேகமாவே திரும்பினேன். பக்கத்துலயே, பத்தடி கூட இருக்காது, ஒரு முக்குளிப்பான் பறவை கூட்டுல உக்காந்திருந்துச்சு. அதோட கூடு மரத்துல இருக்காது, தண்ணியில மிதக்குற இலைதழைக் குவியல்தான், நாணல்ல கட்டி வச்ச மாதிரி நிக்கும். வழக்கமா யாராவது வந்தா பாசியை இழுத்து முட்டையை மூடிட்டுத்தான் தண்ணிக்குள்ள முங்கும். அன்னிக்கு நான் வந்த வேகத்துல அதுக்கு அந்த நேரம் கூட கெடைக்கல. அப்படியே முங்கிடுச்சு. வெள்ளை வெளேர்னு மூணு முட்டை, தொறந்தபடி. மேல மரத்துல காக்கா. நான் அங்கேயே நின்னா அது திரும்பி வராதுனு புரிஞ்சு சைக்கிளைத் தள்ளிட்டே உள்காட்டுக்குள்ள போயிட்டேன், அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியாது. இன்னிக்கு வரைக்கும் அது உறுத்திட்டே இருக்கு.

இதைச் சொன்னா உடனே வர்ற கேள்வி, நடக்குறவங்க மட்டும் மண்ணை மிதிக்கலையா, சைக்கிள்காரனை மட்டும் ஏன் சொல்றனு. நியாயமான கேள்விதான். கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துக் காட்டுல இதைச் சோதனையாவே செஞ்சு பாத்து 2001ல வெளியிட்டிருக்காங்க. ஒரே மாதிரி தடத்துல 500 தடவ வரைக்கும் ஒரு பக்கம் நடந்தும் இன்னொரு பக்கம் மவுண்டன் பைக் ஓட்டியும் பாத்தா, செடிக்கும் மண்ணுக்கும் ஆன சேதத்துல பெரிய வித்தியாசம் இல்ல. அதனால சைக்கிள்தான் காட்டை அழிக்குதுன்னு யாராவது சொன்னா நானும் சண்டைக்கு வருவேன். ஆனா அந்தச் சோதனை செடியையும் மண்ணையும்தான் அளந்துச்சு, கூட்டுல இருக்குற பறவையை அளக்கல. நடக்குறவர் வர்ற சத்தம் தூரத்துலயே கேக்கும், மெதுவா வருவார், அதுக்கு முட்டையை மூட நேரம் இருக்கும். நாம சத்தமே இல்லாம வர்றோம், 30 கிமீ வேகம்னா ஒரு செகண்டுக்கு எட்டு மீட்டருக்கு மேல, வளைவுக்கு அந்தப் பக்கம் 15 மீட்டர்தான் தெரியுதுன்னா ரெண்டு செகண்ட் கூட இல்ல. பறவைக்கு மட்டுமா, கொழந்தையைக் கையில புடிச்சுட்டு வர்றவங்களுக்கும் அதே ரெண்டு செகண்டுதான். சரளையில பிரேக்கை இறுக்கிப் புடிச்சா முன்சக்கரம் வழுக்கும், அதையும் சேத்துக்கோங்க.

இன்னொண்ணு, மிதிபடாத தரையில சேதத்தோட பெரும்பங்கு முதல் கொஞ்சம் தடவையிலயே நடந்துடும். அதனால சேறைத் தாண்டறதுக்காக பாதையை விட்டு ஓரமா புல்லுல எறக்கி ஓட்டறது இருக்கே, அது வேணவே வேணாம். சேறுன்னா எறங்கித் தள்ளுங்க, இல்ல திரும்பிடுங்க. ரெண்டு நாள் விடாம மழை பெஞ்சிருந்தா நான் போறதே இல்ல.

ரேஸ் ஓட்டறவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அமெரிக்காவுல கான்சாஸ்ல 2006லேருந்து ஒரு ரேஸ் நடக்குதே, இப்ப அன்பவுண்ட் கிராவல்னு பேரு, 200 மைல், 320 கிமீ சரளையில, அதைப் பாத்து வளந்தவன்தான் நானும். 2022ல கிராவலுக்குனு உலக சாம்பியன்ஷிப் வந்தப்ப நேரலை பாத்துட்டு ராத்திரி தூக்கம் வரல. ஆனா ரேஸ்னா நாள் குறிச்சு, அதுக்குனு ஏற்பாடு பண்ணி நடத்துவாங்க. பூங்காவுக்குள்ள ஒரு துண்டுப் பாதைக்கு ஆப்ல டைமிங் வச்சு, யாரு முதல்னு போட்டி போடறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்தத் துண்டை எடுத்துடுங்கனு கேட்டு நான் ஒரு குரூப்புல எழுதினேன், நல்லாவே திட்டு வாங்கினேன், இருந்தாலும் மறுபடியும் கேப்பேன்.

இப்ப நான் ஓட்டற ரூட் வேற மாதிரி. காட்டு ரோட்டுலயே 40 கிமீ, அதுல மூணு எடத்துல மட்டும் ஏரி. ரோடே தண்ணி வரைக்கும் வர்ற எடம், பழைய படகுத்துறை, அப்புறம் மரப்பலகை போட்ட பார்வை மேடை. அங்க சைக்கிளைச் சாச்சுட்டு உக்காருவேன். முதல்ல தவளை எல்லாம் கப்புனு நின்னுடும். அஞ்சு நிமிஷம் அசையாம இருந்தா ஒண்ணு ஆரம்பிக்கும், அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் மொத்தக் கரையும். ரவுண்டு அடிச்சுட்டு இருந்த ரெண்டு வருஷத்துல அந்தச் சத்தத்தை நான் ஒரு தடவ கூட கேட்டதில்ல, ஏன்னா நின்னதே இல்ல.

பழைய ரூட் ஃபைலை எல்லா எடத்துலேருந்தும் எடுத்துட்டேன். யாராவது முன்னாடியே எறக்கி வச்சிருந்தா தயவுசெஞ்சு அழிச்சுடுங்க. புதுசு கமெண்ட்ல போடறேன், அதுல நாணல் பக்கம் கிடையாது.