மை லாய் செய்தி: டைம்ஸ் நிருபர் எழுதியதா?

“நியூயார்க் டைம்ஸ் நிருபர் சீமோர் ஹெர்ஷ் வியட்நாம் போய் மை லாய் படுகொலையை அம்பலப்படுத்தினார்” என்று ஒரு பதிவு சுற்றுகிறது. (மை லாய்: 1968இல் அமெரிக்கப் படையினர் ஊர்மக்களை நூற்றுக்கணக்கில் கொன்ற வியட்நாம் கிராமம்.) அம்பலப்படுத்தியவர் அவர்தான்; டைம்ஸ் நிருபர் என்பதும் வியட்நாம் போனார் என்பதும் தவறு.

1969இல் ஹெர்ஷ் எந்தப் பத்திரிகையிலும் சம்பளத்துக்கு இல்லை. துப்புக் கிடைத்தபின் அவர் தேடிப் போனது வியட்நாமுக்கு அல்ல, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள பென்னிங் ராணுவ முகாமுக்கு. அந்தப் படுகொலையில் குற்றம்சாட்டப்பட்ட லெப்டினன்ட் வில்லியம் கேலியை அங்கேயே தேடிப் பிடித்துப் பேசவைத்தார். அவர் எழுதிய செய்தியை வெளியிட லைஃப், லுக் இதழ்கள் கைவிரித்தன. டிஸ்பாட்ச் என்ற சிறு செய்தி நிறுவனம்தான் அதை நாளிதழ்களுக்கு விற்றது, நவம்பரில் அச்சேறியது. 1970இல் அவருக்கு இதழியலுக்கான புலிட்சர் விருது கிடைத்தது. டைம்ஸில் அவர் சேர்ந்ததோ 1972இல்.