மாங்காய் கப்பலேறிய கதை

உலகத்தில் யார் 'மேங்கோ' என்று சொன்னாலும் அவர்கள் வாயில் பாதி நம் பக்கத்துச் சொல்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியே வரும்போது இதைத் தெரிந்துகொண்டு வரவேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று இன்றைக்குக் கொஞ்சம் நீட்டியே எழுதிவிடுகிறேன்.

தமிழில் மரத்துக்குப் பெயர் 'மா'. ஒற்றை எழுத்து. வயலோர மாமரத்துப் பழம் குளத்தில் விழ, அதை வாளை மீன் கவ்வும் என்று சங்கப் பாட்டே பாடுகிறது. அந்த மாவோடு க, ச, த, ப என்ற வல்லின எழுத்தில் தொடங்கும் சொல் சேர்ந்தால் நடுவில் ஒரு மூக்கொலி முளைக்கும். தோப்பு சேர்ந்தால் மாந்தோப்பு, பழம் சேர்ந்தால் மாம்பழம், காய் சேர்ந்தால் மாங்காய். இப்போது மேங்கோவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நடுவில் இருப்பது 'ங்'. ககரத்துக்கு முன்னால்தான் அந்த ஒலி வரும். அதற்கு அடுத்த ககரம் நம் 'காய்' என்ற சொல்லின் முதல் எழுத்து. பழத்தின் பெயரைக் கொண்டு போயிருந்தால் அங்கே 'ம்ப' வந்திருக்க வேண்டும். போனது காயின் பெயர் என்பதற்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே சாட்சி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இதை நினைத்தாலே சிலிர்க்கும்.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தார். பின்னாலேயே போர்த்துக்கீசியர் மலபார்க் கரை நெடுகக் கடை விரித்தார்கள். கரையில் காதில் விழுந்ததை 'மங்கா' என்று தங்கள் மொழியில் எழுதிக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது ஆங்கிலத்துக்கும் போய்விட்டது. அவர்கள் கேட்டது மலையாளத்து 'மாங்ங'வா, தமிழ் 'மாங்காய்'ஆ என்று அகராதிக்கு அகராதி வேறுபடும். இறங்கிய இடம் கோழிக்கோடு என்பதால் மலையாளத்துக்கே வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம். இதைச் சொன்னால் நம் ஆட்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. கோபப்பட இதில் ஒன்றுமில்லை. இரண்டு வீட்டுக்கும் மாவும் ஒன்றுதான், காயும் ஒன்றுதான்.

கிருஷ்ணகிரிச் சந்தையில் நின்றாலே இது விளங்கும். ஒரு அம்மா மாங்காய் என்பார், பர்கூர்ப் பக்கத்துத் தெலுங்கு வீட்டு அக்கா மாமிடிகாய என்பார், ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர் மாவினகாயி என்பார். பேரம் மூன்று மொழியில் நடக்கும், காய் மூன்றிலும் இருக்கும். உருது பேசும் பாய் மட்டும் ஆம் என்பார். அது வேறு குடும்பத்துச் சொல்.

சரி, இங்கிலாந்துக்குப் போன பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. மாதக்கணக்கான கப்பல் பயணத்தில் பழம் தாங்காது. உப்பிலும் வினிகரிலும் ஊறிய காய்தான் தாங்கும். அதனால் பெரும்பாலான ஆங்கிலேயர்கள் முதலில் அறிந்த மேங்கோ ஊறுகாய் மேங்கோதான். அது ருசியாக இருந்தது, ஆனால் எல்லாருக்கும் கட்டுப்படியாகவில்லை. வீட்டுப் பெண்கள் தங்கள் ஊர் வெள்ளரிக்காயையும் முலாம்பழப் பிஞ்சையும் எடுத்து, உள்ளே இருக்கும் விதையைச் சுரண்டிவிட்டு, கடுகும் பூண்டும் அடைத்து, நூலால் கட்டி வினிகரில் போட்டார்கள். அதற்கும் பெயர் மேங்கோ! மெல்ல அது வினைச்சொல்லாகவே ஆனது. வெள்ளரியை 'மேங்கோ செய்வது' என்றால் இப்படி ஊறப்போடுவது. அப்புறம் அந்தப் பழக்கம் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே குடைமிளகாயை அடைத்து ஊறுகாய் போட்டார்கள். போகப் போகக் குடைமிளகாய்க்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒஹாயோ, இண்டியானா பக்கத்துப் பழைய ஆட்கள் மேங்கோ என்றால் குடைமிளகாயைத்தான் நினைப்பார்கள். மாமரத்தைக் கண்ணாலும் பார்க்காத ஊரில், நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் ஞாபகம் ஒரு மிளகாய்க்குப் பெயராக நின்றுவிட்டது.

1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் மாமரத்துக்கு அறிவியல் பெயர் வைத்தபோதும் 'மாஞ்ஜிஃபெரா இண்டிகா' என்றுதான் வைத்தார். மாங்காய் தாங்கும் இந்திய மரம் என்று அர்த்தம்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். இங்கே விளைவதில் பெரும்பங்கு பெங்களூரா, அதாவது கிளிமூக்கு. அதில் பெரும்பகுதி கூழ் ஆலைக்குப் போகிறது. அறுப்பு சமயத்தில் ஆலை வாசலில் லாரிகளும் டிராக்டர்களும் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கொட்டை நீக்கி, கூழாக்கி, சூடுபடுத்தி, 3.1 கிலோ டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த டின்னைக் கையில் எடுத்து லேபிளைப் படியுங்கள். அல்போன்சா ரகத்து டின் என்றால் 'அல்போன்சா மேங்கோ பல்ப்' என்று போட்டிருக்கும். அல்போன்சா என்பது 1510இல் கோவாவைப் பிடித்த போர்த்துக்கீசியத் தளபதி அஃபோன்சோ டி அல்புகெர்க்கின் பெயர். பல்ப் லத்தீன். நடுவில் இருக்கும் மேங்கோ நம்முடையது. பெங்களூரா டின்னில் 'தோதாபுரி' என்று இருக்கும். தோதா என்றால் இந்தியில் கிளி. கோவாவைப் பிடித்தவரின் பெயரும் இந்திக் கிளியும் லேபிளில் ஏறிவிட்டன. ஆனால் அந்த நடுச்சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி கூட நான் எந்த டின்னிலும் பார்த்ததில்லை. பெங்களூராவுக்குக் கூலிக்கே கட்டாத விலை வருகிற வருஷத்தில் பெயரைப் பற்றிப் பேசுகிறாயே என்று கேட்பீர்கள். விலைக்கும் குரல் கொடுக்க வேண்டும், அதற்குத் தனியாகவே எழுதுவேன். ஆனால் ஒரு சரக்கை அதன் ஊரோடும் கதையோடும் விற்பது வெறும் பெருமைக்காக இல்லை, அதுவும் வியாபாரம்தான்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் பட்டியல் ஒன்று சுற்றுகிறது. எய்ட் என்பது எட்டிலிருந்து வந்ததாம், கேஷ் காசிலிருந்து வந்ததாம். எய்ட்டுக்கு உறவு லத்தீன் ஆக்டோவும் சமஸ்கிருத அஷ்டமும். கையில் இருக்கும் பணத்தைக் குறிக்கும் கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல் வழியாக வந்தது. நம் காசிலிருந்து போன இன்னொரு கேஷ் உண்டு, அது கிழக்கு நாட்டுச் சில்லறை நாணயங்களுக்கு ஐரோப்பியர் சொன்ன பெயர். ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதாது. எந்தக் கரையில், யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போனது என்று வழி காட்ட வேண்டும். அந்தப் பட்டியலை அனுப்புகிறவர்களுக்கு மொழிப்பற்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கு மாங்காயின் உண்மையான வழியைக் காட்டும்போது அதையும் எட்டோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். உண்மையாகவே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன கட்டுமரத்துக்கும் சுருட்டுக்கும் மிளகுத்தண்ணீருக்கும் இதே கெடுதல் நடக்கும்.

கிருஷ்ணகிரியில் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சியில் ரகம் ரகமாகப் பழத்தை அடுக்கி, மாவிலை கட்டி, செல்பி எடுக்க இடம் விடுகிறோம். நுழைவாயிலில் ஒரு பலகை வையுங்கள். மா, மாங்காய், மாங்ங, மங்கா, மேங்கோ என்று வழி போட்டு, பக்கத்தில் ஒரு கடல் வரைபடம். பெரிய செலவில்லை. கூழ் டின்னுக்கு லேபிள் வடிவமைக்கும் தம்பிகள், தங்கைகள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். லேபிளில் போட நாலு வரி தமிழில் நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.