"குழம்பியுள்ளது" என்று போட்டால் புதிராகிவிடுமா?

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் குறுக்கெழுத்து நிரப்புகிறவர்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும்: "குழம்பியுள்ளது", அதாவது விடையின் எழுத்துகள் கட்டத்தில் இடம் மாறிக் கிடக்கின்றன. அதற்கு ஒரு தம்பியும் உண்டு, "திரும்பியுள்ளது", எழுத்துகள் பின்னிருந்து முன்னாக நிற்கும். விடை சந்தனம் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆனால் எந்த எழுத்து எந்தப் பெட்டிக்குள் என்பதைக் குறுக்கே வரும் சொல் வந்துதான் சொல்ல வேண்டும். கட்டம் அமைத்தவருக்கு எழுத்துகள் பொருந்தவில்லை, அந்தச் சுமையை எங்கள் தலையில் இறக்கிவிட்டார், அவ்வளவுதான். இதைப் புதிர் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

குழப்பம் குறிப்புக்குள் இருக்க வேண்டும், விடைக்குள் அல்ல. லண்டன் ஒப்சேவர் பத்திரிகையில் 1926 முதல் குறுக்கெழுத்து அமைத்த எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ் செய்தது இதைத்தான். டொர்கமாடா என்பது அவருடைய புனைபெயர். 1939இல் அவர் இறந்த பிறகு அந்த இடத்துக்கு வந்த மக்நட், சிமெனிஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார். இரண்டும் ஸ்பெயினின் தலைமை மதவிசாரணையாளர்களின் பெயர்கள்! பெயர்தான் கொடூரம், சிமெனிஸ் நேர்மையில் படு கறார். குறிப்பில் விடையின் பொருள் இருக்க வேண்டும், விடைக்குப் போக இன்னொரு சொல்வழியும் இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு சொல்லும் சும்மா நிற்கக்கூடாது. பொருள் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், இல்லாவிட்டால் முடிவில் இருக்கும்.

இதைச் சொன்னால் உடனே "அதெல்லாம் இங்கிலீசுக்குத்தான் சரிவரும்" என்பார்கள். பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவுக்குள் அடக்கிய காளமேகத்தின் மொழிக்கா சரிவராது? பன்றிக் காவலுக்கு வயல் கொட்டிலில் விடிய விடிய இருந்து நொடி (விடுகதை) போட்டு அவிழ்த்த சனம் நாங்கள். தென்றல் மாத இதழில் வாஞ்சிநாதன் இத்தகைய புதிர்களைத் தமிழிலேயே அமைத்துக் காட்டியிருக்கிறார். நானும் சிலவற்றைக் கட்டிப் பார்க்கிறேன். அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை.

தலையை எடுத்தால் வயலில் முளைக்கும் பாட்டு (3).

கவிதை. முதலெழுத்துப் போனால் விதை. இது சின்னப் பிள்ளைகளுக்கும் விளங்கும். இன்னொன்று கொஞ்சம் கடினம்:

சின்னச் செய்தி வாலிழந்து, கனியாததைச் சேர்த்துக்கொண்ட ஊர் (5).

சின்னச் செய்தி துணுக்கு. வாலை வெட்டினால் துணுக். கனியாதது காய். சேர்த்துப் பாருங்கள், துணுக்காய். இதைத் தேத்தண்ணிக் கடையில் போட்டபோது ஓர் அண்ணை ஒரு வாய் குடிக்க முதலே விடையைச் சொல்லிவிட்டார். "எப்பிடி அண்ணை வந்தது?" என்று கேட்டேன். "ஊர் எண்டா துணுக்காய்தானே தம்பி, அஞ்செழுத்து." பரந்தனும் அஞ்செழுத்துத்தான், மாங்குளமும் அஞ்செழுத்துத்தான். அவை ஏன் இல்லை என்றதும்தான் அண்ணை கிளாசை வைத்துவிட்டு யோசித்தார். பிறகு நடந்த கதை அரைமணி நேரம் போனது. எனக்கு விடையைவிட அந்த அரைமணி நேரம்தான் பெரிது. விடையை மட்டும் எறிந்துவிட்டுப் போகிறவர்கள் மற்றவர்களின் சந்தோசத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுகிறார்கள்.

பேப்பர்களும் அதையேதான் செய்கின்றன. அடுத்த வாரம் நிரப்பிய கட்டம் வரும், பரிசு பெற்றவர்களின் பெயர் வரும். அந்த விடை எப்படி வந்தது என்று ஒரு வரிகூட வராது. இப்போதிருக்கிற குறிப்புகளுக்கு விளக்கம் தேவையுமில்லை என்பது வேறு கதை. "இதுவும் ஓர் ஆறு" என்பதற்கு என்ன விளக்கம் எழுதுவது?

கட்டம் அமைப்பவர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். தமிழில் 247 எழுத்து. உயிர்மெய்க்கு ஒரு பெட்டி, புள்ளி வைத்த மெய்க்கும் ஒரு பெட்டி. சொற்களைக் குறுக்கும் நெடுக்கும் கோக்க நாக்குத் தள்ளும். ஆனால் அவிழ்ப்பவருக்கு அதுவே வாசி. ஆங்கிலத்தில் குறுக்கே ஓர் 'ஈ' கிடைத்தால் ஒன்றுமே பிடிபடாது. தமிழில் இரண்டாம் பெட்டியில் 'ணு' விழுந்தால் பாதிச் சொல் கைக்கு வந்துவிடும். அதனால் குறுக்குச் சந்திப்புகள் குறைவாக இருந்தாலும் பாதகமில்லை. பெரிய கட்டத்தை எழுத்துக் குழப்பி நிரப்புவதைவிட, சின்னக் கட்டத்தில் பத்து நல்ல குறிப்பு வந்தால் போதும். வாசிகசாலையில் ஒரே பேப்பருக்குக் காத்திருக்கும் நாலு பேரும் கூடிக் கதைக்க அதிலேயே நிறைய இருக்கும்.

சரி, ஒன்றை விட்டுவிட்டுப் போகிறேன். ஊர் பேரை மட்டும் கொமென்டில் போடாதீர்கள், வந்த வழியையும் எழுதுங்கள்:

மலரருகே, கடல் முகப்பை விழுங்கிய தந்திர மிருகம் நிற்கும் ஊர் (4).