முடவாட்டுக்கால் மண்ணுக்கடியில் விளைவதில்லை

அந்தக் கொல்லிமலை வீடியோவை இன்னும் எத்தனை பேர்தான் அனுப்புவீர்கள்? பார்த்தாயிற்று. முடவாட்டுக்காலைக் காட்டி அதில் பேசுகிறவர், "மலையில் தோண்டி எடுத்த அபூர்வக் கிழங்கு, ஏழே நாளில் மூட்டுவலி ஓடிவிடும், மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்" என்கிறார். அது கிழங்கே இல்லை. யாரும் அதைத் தோண்டி எடுப்பதும் இல்லை.

முடவாட்டுக்கால் ஒரு பெரணி, அதாவது ஃபெர்ன் செடி. பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படரும் அதன் தண்டைத்தான் கிழங்கு என்று விற்கிறார்கள். மேலே செம்பழுப்பாக ரோமம் மூடியிருப்பதால்தான் ஆட்டுக்கால் என்று பெயர். இதில் இலை இரண்டு வகை. நீளமாகப் பிளந்து நிற்கும் பச்சை இலை ஒன்று. தண்டை ஒட்டிச் சருகு போலக் கிடக்கும் பழுப்பு இலை இன்னொன்று. விழும் குப்பையையும் ஈரத்தையும் பிடித்துவைத்துச் செடிக்குச் சோறு போடுவது இந்தப் பழுப்பு இலைதான். அதைத்தான் அவர் "செத்த இலை" என்று பிய்த்து எறிகிறார். பார்க்கவே பதறுகிறது.

வளரும் முனை தண்டின் நுனியில் இருக்கிறது. நுனியோடு ஒரு சாண் விட்டுப் பின்பகுதியை மட்டும் அறுத்தால் மறுபடி படரும். மொத்தமாக உரித்தால் பாசியும் மட்கிய குப்பையும் கூடவே வந்துவிடும். அப்புறம் அது வெறும் பாறை.

"மலை மக்கள் பிழைப்பில் மண் போடுகிறாயா?" என்று கேட்பீர்கள். அவர்கள் பிழைப்பே அந்தப் பாறையில்தானே இருக்கிறது!

சூப் வைக்க வேண்டாம் என்று யார் சொன்னது? நான்கு பேருக்கு நூறு கிராம் போதும். கத்தியால் ரோமத்தைச் சுரண்டி, தோலையும் சீவி, உள்ளே வெளிர்நிறச் சதை தெரியும்வரை கழுவுங்கள். வீடியோவில் பாதி ரோமத்தோடே மிக்ஸியில் போடுகிறார். அது தொண்டையில் உறுத்தும். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்து அரைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

"இங்கிலீஷ் மருந்துக்கு வக்காலத்தா?" இல்லை. இந்தத் தண்டின் சாறு வீக்கத்தைக் குறைப்பதாக எலிகளில் செய்த ஆய்வுகளே உண்டு. ஆனால் மூட்டுவலி ஒரே நோயா? தேய்மானம் வேறு, யூரிக் அமிலம் வேறு, முடக்குவாதம் வேறு. முடக்குவாதக்காரர் மருந்தை நிறுத்தினால் மூட்டு கோணிக்கொள்ளும். கோணியது எந்த சூப்பிலும் நிமிராது. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சூப்பைக் குடியுங்கள், மாத்திரையைத் தொடாதீர்கள். இதைச் சொன்னால் பாரம்பரியத்துக்கு எதிரியா? பாட்டி வைத்தியம் எதையும் "தூக்கிப் போடு" என்று தொடங்கியதில்லை.

இதெல்லாம் கூடப் போகட்டும். வீடியோவுக்குக் கீழே கமெண்டில் ஒருவர், "எங்கள் எஸ்டேட்டில் நிறைய பெரணி இருக்கிறது, அதையே போடலாமா?" என்று கேட்கிறார். "எல்லாம் ஒரே குடும்பம்தான், தோண்டிப் பாருங்கள்" என்று வீடியோக்காரர் பதில்! நீலகிரியிலும் கொடைக்கானலிலும் திறந்த சரிவுகளில் மண்டிக்கிடக்கும் பிராக்கன் பெரணிக்குத் தண்டு மண்ணுக்கடியில் ஓடும். தோண்டினால் கிடைப்பது அதுதான். அதை நாள்பட மேய்ந்த மாட்டுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்து ரத்தமாகப் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை பட்டியலில், அதாவது 2பி பிரிவில், வைத்திருக்கிறது.

வீடியோவை அவர் நீக்காவிட்டால் போகட்டும். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது, அந்த ஒரு பதிலையாவது இன்று ராத்திரிக்குள் அழிக்கச் சொல்லுங்கள்.